தேய்ந்த ரேகையும் நின்றுபோன பென்ஷனும்

புத்தாண்டு பிறந்தும் என் குடும்ப ஓய்வூதியம் கணக்கில் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவர். அவர் போன பிறகு அதுதான் எனக்கு அரிசியும் மாத்திரையும்.

காரணம் எனக்கே தெரியும். நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருடா வருடம் காட்ட வேண்டிய வாழ்நாள் சான்று இல்லையென்றால் பென்ஷன் நின்றுவிடும். அதைக் கொடுக்கத்தான் நவம்பரில் போனேன். பத்து விரலையும் கருவியில் மாற்றி மாற்றி வைத்தும் ரேகை பதியவில்லை. 50 வருடம் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்த்த கை. பாத்திரம் மட்டுமா தேயும்? "அப்புறம் வாருங்கள் பாட்டி" என்றார்கள். முழங்கால் வலியில் அந்த அப்புறம் வரவே இல்லை.

இரண்டு நாள் சோர்ந்து படுத்திருந்தேன். மூன்றாம் நாள் பேத்தி தன் ஆண்ட்ராய்டு போனில் முகத்தை அடையாளம் காணும் ஆதார் ஃபேஸ் ஆர்டி, வாழ்நாள் சான்று பதியும் ஜீவன் பிரமாண் ஃபேஸ் ஆப் என்ற இரண்டு செயலிகளையும் இறக்கினாள். 2021 முதல் கைரேகைக்குப் பதிலாக முகத்தைக் காட்டினால் போதுமாம். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கேட்டது. மறுமணம் செய்துகொண்டீர்களா என்றும் கேட்டது. 74 வயதில்! சிரித்து முடித்துவிட்டு, இல்லை என்று அழுத்தினேன்.

முகமும் முதல் இரண்டு முறை ஏறவில்லை. கூடத்து வெளிச்சம் போதவில்லை. மூக்குக் கண்ணாடி வேறு பளபளத்தது. திண்ணைக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றி, இமையை மெதுவாக மூடித் திறந்தேன். பதிந்துவிட்டது. குறுஞ்செய்தியில் வந்த சான்று எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டுபோய் வங்கியில் கொடுத்தேன். அடுத்த மாதம் நிலுவையும் சேர்ந்தே வந்தது.

பேத்தி பக்கத்தில் இல்லாதவர்கள் தபால்காரரைக் கேளுங்கள். வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்குச் செய்து தருகிறார்.