உக்ரைன் தலைநகரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதும் உச்சரிப்பதும்

சேலம் மாவட்டத்திலிருந்து மருத்துவம் படிக்க உக்ரைன் சென்று, 2022இல் போர் மூண்டதும் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய பிள்ளைகள் உண்டு. அந்நாட்டுத் தலைநகரின் பெயரைத் தமிழில் கீவ் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நேர்முகத் தேர்விலோ, தூதரகப் படிவத்திலோ, கல்லூரிப் பேச்சுப் போட்டியிலோ ஆங்கிலத்தில் அதைக் கையாள வேண்டி வரும்போது, எந்த எழுத்துகளைப் போடுவது, எப்படிச் சொல்வது என்று நன்றாகப் படித்தவர்களே தயங்குகிறார்கள்.

முதலில் எழுத்து. கே, ஐ, ஈ, வி என்பது ரஷ்ய மொழி வடிவத்தின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பழைய எழுத்துக்கூட்டல். கே, ஒய், ஐ, வி என்பது உக்ரைனிய மொழி வடிவத்தைப் பின்பற்றுவது. 1991இல் விடுதலை பெற்ற உக்ரைன், 1995இல் இரண்டாவதையே அதிகாரபூர்வமானதாக அறிவித்தது. ஆயினும் உலக ஊடகங்கள் பழையதை எளிதில் விடவில்லை. 2018இல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் இதற்கென்றே ஓர் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, 2019 ஜூனில் அமெரிக்க அரசின் ஊர்ப்பெயர் வாரியமும், ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும், அக்டோபரில் பிபிசியும் புதிய வடிவத்துக்கு மாறின. ஆகவே இன்று நீங்கள் சொந்தமாக எழுதும் எதிலும் கே, ஒய், ஐ, வி என்றே எழுதுங்கள். அவசரத்தில் ஒய்யையும் ஐயையும் இடம் மாற்றி எழுதுவோர் பலர். ஒய் இரண்டாவது எழுத்து என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

உச்சரிப்பில்தான் கூடுதல் கவனம் தேவை. நம்மிடையே மிகுதியாகக் கேட்கும் பிழை 'கைவ்' என்பது. ஆங்கிலத்தில் வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை' என்ற சொல்லில் இதே கே, ஒய் எழுத்துகள் வருவதால், கண் பழகிய வழியிலேயே நாக்கும் போய்விடுகிறது. ஏற்காட்டுக்குப் புதிதாக வருவோர் ஆங்கிலப் பலகையைப் பார்த்து 'யெர்காட்' என்று படிப்பதைக் கேட்டிருப்பவர்களுக்கு, எழுத்தை மட்டும் நம்பி ஊர்ப்பெயரைப் படித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலச் செய்தி வாசிப்பாளர்களிடம் இரண்டு உச்சரிப்புகள் கேட்கின்றன. ஒன்று 'கீ-யிவ்' என்று ஈரசையாகவும், மற்றது 'கீவ்' என்று ஓரசையாகவும் ஒலிக்கும். இரண்டையும் ஏற்கலாம் என்றாலும், உக்ரைனிய ஒலிக்கு நெருக்கமானது என்பதால் நான் முதலாவதையே கற்கச் சொல்வேன். அதில் அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். 'கீ' ஓங்கி ஒலிக்க, 'யிவ்' அதைத் தொடர்ந்து தணிந்து வர வேண்டும். தமிழில் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே எடையுடன் சொல்லிப் பழகிய நமக்கு இது தானாக வராது என்பதால், சத்தமாகவே சொல்லிப் பழகுங்கள். முடிவில் மேற்பல் கீழுதட்டைத் தொட்டபடியே நிற்கட்டும். அங்கே ஓர் உகரத்தைச் சேர்த்துக் 'கீவு' என்று முடிப்பது நம் நாவின் இயல்பு; அதைத் தவிருங்கள்.

உக்ரைனியர்கள் தாங்களே சொல்வது இன்னும் சற்று வேறுபடும். அவர்களுடைய முதல் உயிரொலி நெடிலன்று. இகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்டது. 'கிணறு' என்று எழுதிவிட்டுப் பேச்சில் 'கெணறு' என்கிறோம் அல்லவா, அவ்விரு ஒலிகளுக்கும் நடுவே நாக்கை நிறுத்திப் பாருங்கள். இறுதி ஒலியில் பல் உதட்டைத் தொடாது. இதழ்கள் குவிந்து, முழு உகரமாக விரியாமல் அடங்கிவிடும். உக்ரைனியரோடு பழகுவோர் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. ஆனால் ஓர் ஆங்கில வாக்கியத்தின் நடுவே இதை வலிந்து ஒலிக்கத் தேவையில்லை. கேட்பவருக்கு ஊர் எதுவென்றே புரியாமல் போகக்கூடும்.

பழைய எழுத்துக்கூட்டலை மாற்றாமல் விட வேண்டிய இடங்களும் உண்டு. உங்கள் பட்டச் சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ பழைய வடிவம் அச்சாகியிருந்தால், விண்ணப்பத்தில் கல்லூரியின் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். சரிபார்ப்பவர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார். ஊரின் பெயருக்கெனத் தனிக் கட்டம் இருந்தால் அதில் புதிய வடிவத்தை எழுதலாம். பழைய நூலிலிருந்து மேற்கோள் காட்டும்போதும் மூலத்தில் உள்ளதைத் திருத்தக் கூடாது. பழைய விமானச் சீட்டில் கீவைக் குறிக்கும் ஐஈவி என்ற குறியீட்டைக் கண்டால் பிழையென்று எண்ண வேண்டாம். பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியபோதும் அக்குறியீடு மாறவில்லை. நம் காமலாபுரம் விமான நிலையத்தின் எஸ்எக்ஸ்வி என்ற குறியீட்டைப் பார்த்துச் சேலம் என்று யாரும் படித்துவிட முடியாதல்லவா?

நாட்டின் பெயரிலும் ஒன்றைக் கவனியுங்கள். உக்ரைன் என்பதற்கு முன் 'தி' என்ற சொல்லைச் சேர்ப்பது பழைய வழக்கம். தனி நாட்டை ஏதோ ஒரு பேரரசின் வட்டாரம் போலக் காட்டுவதால் உக்ரைனியர்கள் அதை விரும்புவதில்லை; வெறும் 'உக்ரைன்' என்றே சொல்லுங்கள்.

நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்பவர் 'கீ-எவ்' என்று பழைய முறையில் சொன்னால், அவரைத் திருத்த முற்பட வேண்டாம். உங்கள் விடையில் 'கீ-யிவ்' என்று தெளிவாகச் சொல்லி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று அவரே கேட்டால், உக்ரைன் 1995இல் அறிவித்த வடிவம் அது என்ற ஒரே வாக்கியம் போதும்.