அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆலோசனை: சபையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

ஜெபிக்காமலும் கோபத்திலும் முடிவெடுக்கக் கூடாது என்பது சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கே தெரியும். இங்கே சொல்ல வந்தது, "பெரியவர்களிடம் கேட்டுத்தான் செய்தோம்" என்று சொல்லிக்கொண்டே சிக்கிக்கொள்கிறவர்களைப் பற்றி. மார்த்தாண்டமானாலும் குளச்சலானாலும் வாலிபர்கள் கொண்டுவரும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான்: கல்யாணம், வெளிநாட்டு வேலை, நிலம். இந்த மூன்றிலும் பழைய தவறுகளே புது ஆட்களிடம் தொடர்கின்றன.

முடிவை எடுத்துவிட்டுக் கேட்கப் போவது

பத்து சென்ட் நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு போதகர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். மண்டபம் பேசி, சபையில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையும் வாசித்தான பிறகு, மாப்பிள்ளை குடிப்பாராமே, விசாரிக்கலாமா என்கிறார்கள். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் ஏஜென்டிடம் ஒப்படைத்துவிட்டு, "கர்த்தருடைய சித்தமா என்று ஜெபித்துச் சொல்லுங்கள்" என்று நிற்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் போதும், தப்பியிருப்பார்கள்.

எரேமியா 41 முதல் 43 வரையுள்ள அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். பாபிலோன் ராஜா யூதாவில் வைத்த அதிகாரி கெதலியா கொலையான பின்பு, யூதாவில் மீந்திருந்தவர்கள் பாபிலோனியருக்குப் பயந்து எகிப்துக்குப் புறப்பட்டார்கள். வழியில் பெத்லெகேமுக்குச் சமீபத்தில் தங்கினார்கள். அதன் பிறகுதான் தீர்க்கதரிசியாகிய எரேமியாவிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் தேவன் சொல்வதற்குக் கீழ்ப்படிவோம் என்றார்கள். பத்து நாள் சென்று பதில் வந்தது: இந்தத் தேசத்திலேயே இருங்கள். உடனே, நீ பொய் சொல்கிறாய், உன் எழுத்தன் பாருக் உன்னை ஏவிவிட்டான் என்றார்கள். எகிப்துக்கே போனார்கள்; எரேமியாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பேச்சில் தாழ்மைக்குக் குறைவே இல்லை. ஆனால் கேட்க வரும்போதே பயணம் தொடங்கியிருந்தது.

பணம் போய்விடுமே, ஊரில் தலைகாட்ட முடியாதே என்ற பயம் வந்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். அதைவிட மோசமான இன்னொன்றும் நடக்கிறது. ஆலோசனை சொல்கிறவரும் மனம் இளகிவிடுகிறார். மண்டபம் வரை பேசியாயிற்று என்று தெரிந்த பிறகு, வேண்டாம் என்று சொல்லத் துணியாமல், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஜெபித்து அனுப்புகிறார். உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உண்மை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

ஆகவே காசு கைமாறுமுன் கேளுங்கள். நிலமென்றால் மூலப்பத்திரத்தின் நகல், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே அட்வான்ஸ். வெளிநாட்டு வேலையென்றால் ஏஜென்சி அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானதா என்று பாருங்கள். சம்பளமும் வேலை நேரமும் எழுத்தில் வரட்டும். கல்யாணமென்றால் நிச்சயத்துக்கு முன்பே, மாப்பிள்ளையோ பெண்ணோ வேலை செய்யும் இடத்திலும் அவர்களுடைய சபையிலும் விசாரியுங்கள். போகுமுன் உங்களையே கேளுங்கள்: வேண்டாம் என்று சொன்னால் நிறுத்த முடியுமா? யாரிடம், என்ன சொல்லி நிறுத்துவேன்?

ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் அதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, விலகு என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு அப்போதுதான் வாய் வரும்.

பாதிக் கதை சொல்வது

முதலில் பேசுகிறவன் நியாயமுள்ளவனாகத் தெரிவான், அயலான் வந்து சோதிக்கும்வரை என்கிறது நீதிமொழிகள் 18:17. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் இது அப்படியே நடக்கும். ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன முடிவு, எவ்வளவு பணம், எவ்வளவு கடன், எந்தத் தேதிக்குள், எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது. சொல்லக் கூச்சமாயிருக்கும் விஷயம் எதுவோ, அது தாளின் மேல்வரியில் வரட்டும்.

பிடித்த பதில் வரும்வரை ஆள் மாற்றுவது

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜா முதியோரிடம் கேட்கத்தான் செய்தான். பதில் பிடிக்காததால் தன்னோடே வளர்ந்த வாலிபரிடம் போனான். பத்துக் கோத்திரங்கள் கைவிட்டுப் போயின. யாரிடம் கேட்பது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். மூவர் போதும்: அந்தத் தொழில் தெரிந்தவர், உங்களைச் சிறுவயது முதல் தெரிந்தவர், இதில் ஒரு ரூபாய்கூட லாபமில்லாதவர். தரகர் நம் சபைச் சகோதரராகவே இருந்தாலும் கமிஷன் வாங்குகிறவர் மூன்றாமவர் ஆக மாட்டார். மூவரையும் தனித்தனியே பாருங்கள். முதலாமவர் சொன்னதை இரண்டாமவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் தன் கருத்தை விட்டு அதற்குத்தான் பதில் சொல்வார்.

ஆராதனை முடிந்து வாசலில் கேட்பது

அங்கே கை கொடுக்கத்தான் நேரம் இருக்கும். ஒரு மாலை நேரம் கேட்டு வீட்டுக்குப் போங்கள்.

வாக்குத்தத்த அட்டையை (வேதவசனம் அச்சிட்ட அட்டையை) எடுத்து முடிவு செய்வது

கூடாது. பத்திரத்தில் உள்ள வில்லங்கத்தை அட்டை காட்டாது.

வீட்டிலிருப்பவர்களைக் கேட்காமல் விடுவது

நம் வீடுகளில் ஆண்கள் ஊர்ப் பெரியவர்களையெல்லாம் பார்த்துவிட்டு வருவார்கள். மனைவியிடம் கடைசியில் தகவல் மட்டும் சொல்வார்கள். அந்தக் கடன் தவணையில் வீடு நடத்தப்போவது அவர்தான். நாகமான் சீரியாவின் படைத்தலைவன், குஷ்டரோகி. அவனுக்கு வழி காட்டியது சிறைபிடிக்கப்பட்ட ஒரு சிறுபெண். கோபித்துத் திரும்பியவனை யோர்தானில் இறங்க வைத்தது அவன் ஊழியக்காரர். தாழ்மை நமக்கு மேலே இருப்பவரிடம் எளிது. நமக்குக் கீழே என்று நாம் நினைப்பவரிடம்தான் அது சோதிக்கப்படுகிறது.

கேட்கப் போய் வாதாடுவது

அரை மணி நேரம் மறுத்துப் பேசாதீர்கள். "நான் எதைக் கவனிக்கவில்லை?" என்று மட்டும் கேட்டு, சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்து வாசித்தால், அன்று குத்தியது எது, உண்மையிலேயே பொருந்தாதது எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

பாரத்தை ஆலோசனை சொன்னவர் தலையில் போடுவது

"போதகர் ஐயர் சொன்னார், வாங்கினேன்" என்று பின்னால் சொல்லாதீர்கள். அவர் சொன்னது யோசனை. கையெழுத்து உங்களுடையது. முடிவு எடுத்ததும் மூவரிடமும் திரும்பிப் போய் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் சொன்னதற்கு மாறாகச் செய்திருந்தால் ஒளிந்து திரியாமல் கட்டாயம் போங்கள்; அடுத்த வருஷம் வேறொரு சிக்கலோடு அதே வாசலில் நிற்க வேண்டி வரலாம்.