விற்பனை நிலையத்தில் முதற் கார் வாங்குவோருக்கான வழிகாட்டி: விசாரிப்பதிலிருந்து பெயர் மாற்றம் வரை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்தில் முதன்முறையாகக் கார் வாங்க நினைக்கும் பலர் என்னிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். எந்தக் கார் நல்லது என்றே எல்லோரும் கேட்கிறார்கள். எந்த நிலையத்தில் எப்படி நடத்தப்படுவோம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இரண்டு கார்களை இரண்டு வெவ்வேறு நிலையங்களில் வாங்கியவன் என்ற முறையில், இரண்டாவது கேள்வியே பெரியது என்று கருதுகிறேன். பணம் கைமாறும் வரைதான் விற்பவர் நம்மைத் தேடி வருவார். ஆகவே அவருடைய சேவையின் தரத்தை அளப்பதும், அவர் வாயால் சொன்னதை எழுத்தாக்கிக்கொள்வதும் அதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டும்.

படி 1: மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை நீங்கள் செலுத்தப்போகும் தொகை அல்ல. காப்புறுதி, வாகன வருமான அனுமதிப்பத்திரம், பதிவு அல்லது பெயர் மாற்றக் கட்டணம், லீசிங் (தவணை முறையில் கட்டும் வாகன நிதி) எடுத்தால் அதற்கான ஆவணக் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்தே கணக்குப் பாருங்கள். புத்தம் புதிய வாகனமாயின், சொல்லப்படும் விலையில் 18 வீதப் பெறுமதி சேர் வரி அடங்கியிருக்கிறதா என்று கேட்டு, விலைமதிப்பை எழுத்தில் வாங்குங்கள்.

படி 2: முதல் நாள் கேள்விகளை மட்டும் கொண்டு செல்லுங்கள்

காசோலைப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, கூட்டம் குறைந்த வார நாளொன்றின் காலையில் செல்லுங்கள். முதற் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “இந்த வாகனம் உங்களுடையதா, அல்லது வேறொருவர் விற்கத் தந்ததா?” பல கார் சேல்களில் நிற்கும் வாகனங்கள் நிலையத்துக்குச் சொந்தமானவையல்ல, உரிமையாளர் தரகுக்காக நிறுத்திவைத்தவை. அப்படி விற்பதில் தவறில்லை. ஆனால் பிற்பாடு பழுது வந்தால் யாரிடம் போவது என்பது இந்த ஒரு பதிலில் தங்கியிருக்கிறது. அடுத்து, பதிவுப் புத்தகத்தின் பிரதியைக் கேளுங்கள். அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், பழைய கடன் இன்னும் தீரவில்லை என்றோ, தீர்ந்தும் பெயர் நீக்கப்படவில்லை என்றோ பொருள். பதிவு இலக்கத்தைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் வாகன விபரத்தைச் சரிபார்க்கலாம்.

பதில் சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். எனது இரண்டாவது காரைப் பார்க்கச் சென்றபோது, நான் கேட்பதற்கு முன்னரே அங்கிருந்த இளைஞர் இடதுபக்கப் பின்கதவைத் தொட்டுக் காட்டி, “ஐயா, இந்தக் கதவு மட்டும் திரும்பப் பெயின்ற் அடிச்சது” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மற்ற நிலையங்களை விட்டுவிட்டு அங்கு திரும்பிச் சென்றேன். குறையைச் சொல்லத் துணிகிறவர், நிறையைப் பற்றிச் சொல்வதையும் நம்பலாம். “இன்று மாலை வேறொருவர் முற்பணம் கட்ட வருகிறார்” என்று அவசரப்படுத்துபவரிடம் அன்றைக்கு எந்த முடிவையும் எடுக்காதீர்கள்.

படி 3: காரையும் காகிதத்தையும் ஒன்றாகச் சோதியுங்கள்

பாவித்த நிலையில் ஜப்பானிலிருந்து வந்த காராயின், அங்கு ஏலத்தில் விற்கப்பட்டபோது காரின் நிலையைப் பதிந்த ஏல அறிக்கையைக் கேளுங்கள். அதன் மூலையில் இருக்கும் எண் காரின் பொதுவான நிலையைக் குறிக்கிறது: 4.5 மிக நல்ல நிலை, 4 நல்ல நிலை. எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளில் ‘ஆர்’ அல்லது ‘ஆர்ஏ’ என்றிருந்தால் விபத்துக்குப் பின் திருத்தப்பட்ட வாகனம். கீழேயுள்ள கார் வரைபடத்தில் ‘ஏ’ என்பது கீறலையும், ‘யூ’ என்பது நெளிவையும், ‘டபிள்யூ’ என்பது திருத்திய தடத்தையும், ‘எக்ஸ்எக்ஸ்’ என்பது மாற்றப்பட்ட பாகத்தையும் குறிக்கும். அறிக்கையிலுள்ள சேசி (காரின் அடிச்சட்ட) இலக்கம் காரில் பொறிக்கப்பட்ட இலக்கத்தோடு ஒத்துப்போகிறதா, அதிலுள்ள கிலோமீற்றர் அளவு இப்போது மீற்றர் காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் மீற்றர் பின்னோக்கிச் சுற்றப்பட்டிருக்கிறது. அத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரயரின் பக்கவாட்டிலுள்ள நான்கிலக்க எண்ணையும் வாசியுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பத்தாயிரம் கிலோமீற்றர்தான் ஓடியது என்று சொல்லப்படும் காரில் நான்கு ரயர்களும் காரைவிட இளையவையாக இருந்தால் காரணம் கேட்பது உங்கள் உரிமை. ஹைபிரிட் வாகனமாயின் பற்றறியின் நிலையை ஸ்கேனர் கொண்டு பார்க்க வேண்டும்; கண்ணால் பார்த்து எவரும் அதைச் சொல்ல முடியாது.

உங்களுக்கு நம்பிக்கையான கராஜ்காரரைக் கூட்டிச் செல்லுங்கள். அவருக்கு அரைநாட் கூலி கொடுப்பது வீண் செலவல்ல. யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் ஓடவைத்த கைகளின் வழிவந்தவர்கள் இன்னும் இங்கே கராஜ் நடத்துகிறார்கள். இயந்திரத்தின் ஓசையை வைத்தே அவர்கள் சொல்லும் தீர்ப்பை நான் பலமுறை கண்டு வியந்திருக்கிறேன். இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் முதன்முதலாக முடுக்கிப் பாருங்கள். பிறகு செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம் வரை குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு ஓட்டி, திரும்பும்போது ஏதாவதொரு குண்டும் குழியுமான ஒழுங்கையிலும் இறக்கிப் பாருங்கள். வெளியாள் பார்ப்பதற்கோ ஓட்டுவதற்கோ மறுக்கும் நிலையத்தில் வாங்க வேண்டாம்.

படி 4: முற்பணத்துக்கு முன் எழுத்து

என் முதற் காரில் நான் பிழைவிட்டது இங்குதான். இரண்டாவது திறப்பு இரண்டு வாரத்தில் கொழும்பிலிருந்து வந்துவிடும் என்றும், முதல் சேவிஸ் இலவசம் என்றும் வாயால் சொன்னார்கள். நான் நம்பி முழுத்தொகையையும் கட்டினேன். பற்றுச்சீட்டில் தொகையும் திகதியும் மட்டுமே இருந்தன. அதன் பின்னர் நான்கு மாதங்கள், “அண்ணை, கொழும்பிலயிருந்து இன்னும் வரேல்லை” என்ற ஒரே பதில். அதுவரை வீட்டுக்கே வந்து பேசிய விற்பனையாளர் என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். அலைச்சலை என்னால் பொறுக்க முடிந்தது. அவமதிப்பைப் பொறுக்க முடியவில்லை.

ஆகவே முற்பணப் பற்றுச்சீட்டில் வாகனத்தின் பதிவு இலக்கம், சேசி இலக்கம், முழு விலை, மீதித் தொகை, கையளிக்கும் திகதி, லீசிங் கிடைக்காவிட்டால் முற்பணம் திருப்பித் தரப்படுமா என்பது, தருவதாகச் சொன்ன ஒவ்வொரு பொருளும் சேவையும், உத்தரவாதம் எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீற்றர் என்பது ஆகிய யாவும் எழுதப்பட்டு, நிலையத்தின் முத்திரையுடன் கைச்சாத்திடப்பட்டிருக்க வேண்டும். “நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டால், நம்பிக்கை இருப்பதால்தான் எழுதித் தரும்படி கேட்கிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

படி 5: லீசிங் கணக்கை நீங்களே போடுங்கள்

விற்பனை நிலையமே அறிமுகப்படுத்தும் நிறுவனத்தில்தான் லீசிங் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உதாரணமாக 30 இலட்சம் ரூபாவுக்கு மாதம் 72,000 வீதம் 5 ஆண்டுகள் கட்டச் சொன்னால், 60 தவணைகளில் 43 இலட்சத்து 20 ஆயிரம் கட்டுகிறீர்கள். 13 இலட்சத்து 20 ஆயிரம் வட்டியை ஐந்தாகப் பிரித்து, “ஆண்டுக்கு 8.8 வீதம்தான்” என்று சொல்ல முடியும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே கடன் குறைந்து வருவதால், குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது 15 வீதத்தைத் தாண்டுகிறது. எனவே எந்த முறையில் கணக்கிட்ட வீதம் என்று கேளுங்கள். இடையில் தீர்த்தால் என்ன கட்டணம் என்பதையும் கேளுங்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் தரப்பட்டால், தமிழில் தரும்படி கோரி, வாசித்து விளங்கும் வரை கையெழுத்திடாதீர்கள். நிதி நிறுவனத்தோடு தீராத பிணக்கு இருந்தால் இலங்கை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

படி 6: கையளிக்கும் நாள்

பகல் வெளிச்சத்தில் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். மேலதிக ரயர், ஜக், இரண்டு திறப்புகள், கைநூல் ஆகியவற்றைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காப்புறுதி தொடங்கிய பின்னரே காரை நிலையத்தின் வாசலுக்கு வெளியே எடுங்கள். பாவித்த வாகனத்துக்குப் பெயர் மாற்றப் படிவங்களில் பழைய உரிமையாளரின் கையெழுத்து மட்டும் இருந்து, மற்ற இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தால், அவற்றை வாங்கி அலுமாரியில் வைத்துவிடாமல் உடனே நிரப்பிப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய உரிமையாளர் வெளிநாடு போய்விட்டாலோ காலமாகிவிட்டாலோ, பின்னர் படும் பாடு பெரிது.

படி 7: சொன்னது நடக்காவிட்டால்

தொலைபேசியில் மன்றாடுவதை இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டு, முகாமையாளருக்குக் கடிதம் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையெனில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்பதால், “அடுத்த கிழமை வரும்” என்ற பேச்சைக் கேட்டுக் காலத்தைப் போக்கிவிடாதீர்கள். நான் அப்படித்தான் அந்தக் கால எல்லையைத் தவறவிட்டேன்.

எனினும் ஐந்தாவது மாதத்தில், நடந்தவற்றைத் திகதி வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்து, அந்த நிலையத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் இரண்டாவது திறப்பு என் வீட்டு வாசலுக்கு வந்தது. இலவசம் என்று சொன்ன சேவிஸைத் தர மறுத்துவிட்டார்கள்; அது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.