வாடிய கொத்தமல்லியைத் தூக்கிப் போடாதீர்கள்

வாடிய கொத்தமல்லியின் தண்டு நுனியை நறுக்கிவிட்டு, கொத்தமல்லிக் கட்டை அப்படியே அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள், விறைப்பு திரும்பிவிடும். தொங்கிப்போன கேரட்டுக்கு இன்னும் சில மணி நேரம் பிடிக்கும்.

காரணம் இதுதான்: செடியின் ஒவ்வொரு செல்லையும் (உயிரணுவையும்) சுற்றியுள்ள சவ்வு ஈரடுக்குக் கொழுப்பால் ஆனது. தண்ணீரை அது தாராளமாக உள்ளேயும் வெளியேயும் விடும் (அதற்கென்றே அக்வாபோரின் என்ற புரதத் துளைகள் இருக்கின்றன), உள்ளே கரைந்திருக்கும் சர்க்கரையையும் உப்பையும் எளிதில் விடாது. சர்க்கரையும் உப்பும் அதிகமாகக் கரைந்திருக்கும் பக்கம்தான் தண்ணீர் நகரும், அதனால் வெளித்தண்ணீர் உள்ளே புகுந்து செல்லை உப்ப வைக்கிறது. தண்ணீரில் உப்பை அள்ளிப் போட்டால் எல்லாம் தலைகீழ், இருக்கிற ஈரமும் வெளியே போய்விடும். பூச்சி போக உப்புத் தண்ணீரில் அலசுவதென்றால் சட்டென்று முடித்துவிடுங்கள்.

சவ்வு கிழிந்தவற்றிடம் இது பலிக்காது: ஃப்ரீசரில் உறைந்தது, வெந்நீர் பட்டது, அழுகி வழவழத்தது.