முத்திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள்: ரேடியோ சான்றிதழில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளந்து ரேடியோவில் அனுப்பும் கருவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "அண்ணா, எஃப்.சி.சி. இருக்கு, சி.இ. இருக்கு. இந்தியாவுக்கு ஒரு விண்ணப்பம் போட்டா போதும்தானே?" எஃப்.சி.சி. அமெரிக்காவின் ரேடியோ முத்திரை, சி.இ. ஐரோப்பாவுடையது. பல வருடங்களுக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி.

லேபிள் ஒட்ட மறப்பது, படிவத்தில் மாடல் எண்ணைத் தப்பாக அடிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். விண்ணப்பம் ஒரு தடவை திரும்பி வந்தால் அதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

அலைவரிசையைப் பார்க்காமல் மொத்தமாக வாங்குவது

குறைந்த சக்தியில் தொலைதூரம் பேசும் லோரா மாதிரியான ரேடியோக்களுக்கு அமெரிக்கா உரிமம் இல்லாமல் விட்டிருப்பது 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் 863 முதல் 870. இந்தியாவில் 2005-இல் திறந்தது 865 முதல் 867 வரை. 2021-இல் அது 868 வரை நீண்டது.

அமெரிக்கக் கருவி இங்கே எங்கே போய் விழும் தெரியுமா? 890 முதல் 915 வரை, கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் பாதை. அதற்குள் நம் கருவி கத்தினால் பக்கத்துக் கோபுரத்தின் காதில்தான் விழும். அந்த அலைவரிசையை ஏலத்தில் கோடிகள் கொட்டி எடுத்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

இது தெரியாமல் நான் வாங்கியது 300 அமெரிக்கப் போர்டு. விலை மலிவு. "ஃபர்ம்வேரில் அலைவரிசையை மாற்றிக்கொள்ளலாம்" என்றார் விற்றவர், அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளில். பொய் இல்லை, சிப் 865-க்கும் இறங்கும். ஆனால் சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் அரிசியளவில் ஒரு ஃபில்டர் உட்கார்ந்திருந்தது. அது 902-க்குக் கீழே எதையும் விடாது. 866-இல் வைத்தால் சிக்னல் பக்கத்து அறையைத் தாண்டவில்லை. ஃபில்டரைப் பிடுங்கிவிட்டுப் பாலம் போட்டோம். தூரம் கிடைத்தது, ஆனால் அலைகளை அளக்கும் அனலைசரில் 1732 மெகாஹெர்ட்ஸில், அதாவது 866-இன் இரு மடங்கில், இரண்டாம் ஹார்மானிக் என்ற வேண்டாத அலை முள் மாதிரி எழுந்து நின்றது. அந்தப் போர்டுகள் இன்னமும் அலமாரியில் கிடக்கின்றன.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது பணம் போனதல்ல. பதில் என் கையிலேயே இருந்தது. டெஸ்ட் ரிப்போர்ட்டின் அட்டவணையில் 902.3 முதல் 914.9 என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் பார்த்தது அட்டையில் இருந்த முத்திரையை மட்டும். இந்தியாவில் ரேடியோ அலைவரிசைகளைக் கவனிக்கும் அரசுப் பிரிவான டபிள்யூ.பி.சி.யில் இ.டி.ஏ. என்ற கருவி ஒப்புதல் கேட்டு விண்ணப்பிக்கும்போது கணக்கில் வருவதோ அந்த அட்டவணைதான்.

அலைவரிசை சரியானதும் ஃபர்ம்வேரை மறப்பது

868.0 முதல் 868.6 வரை ஐரோப்பாவில் 25 மில்லிவாட்தான். அலையைக் கேட்டுவிட்டுப் பேசும் வசதி இல்லையென்றால், பேசும் நேரமும் 1 சதவீதம்தான்: மணிக்கு 36 விநாடி. அமெரிக்க விதி வேறு மாதிரி யோசிக்கிறது. சேனல் தாவும் கருவி ஒரே சேனலில் 0.4 விநாடிக்கு மேல் தங்கக் கூடாது என்பதுதான் அங்கே கவலை. அங்கே எழுதிய ஃபர்ம்வேரை அப்படியே ஏற்றினால், ஐரோப்பாவில் வாய் மூடாமல் பேசிக்கொண்டிருக்கும்.

ஆன்டெனாவை மாற்றுவது

மாற்றாதீர்கள். ஜப்பானில், சான்றில் இல்லாத ஆன்டெனாவைப் போட்டால் கிதெகி என்ற அந்த நாட்டு ரேடியோ முத்திரை வெறும் ஸ்டிக்கர்.

எஸ்.ஏ.ஆர். எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது

எஸ்.ஏ.ஆர். என்பது உடல் திசு உறிஞ்சும் ரேடியோ சக்தியின் அளவு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், 1 கிராம் திசுவின் சராசரி. ஐரோப்பாவில் 2 வாட், ஆனால் 10 கிராம் சராசரி. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. மறுபடி அளக்கத்தான் வேண்டும்.

சி.இ.யை அரசாங்கச் சான்றிதழ் என்று நினைப்பது

ஐரோப்பா ஏற்றுக்கொண்ட தரநிலைகளை முழுதாகப் பின்பற்றினால், தயாரிப்பாளர் தானே அறிவித்துக்கொள்ளலாம். கையெழுத்து யாருடையது என்று பாருங்கள்.

இ.டி.ஏ. வந்ததும் கடை விரிப்பது

டி.இ.சி. என்ற தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் தரும் கட்டாயச் சோதனைச் சான்றிதழான எம்.டி.சி.டி.இ. தனிக் கதை. 2019 அக்டோபரில் தொடங்கி, கட்டம் கட்டமாகக் கருவிகளைச் சேர்த்துவருகிறார்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு விற்பனைத் தேதியைச் சொல்லுங்கள்.

தம்பியிடம் ரிப்போர்ட்டைத் திறக்கச் சொன்னேன். போனிலேயே திறந்தான். 902.3. "ஃபர்ம்வேர்ல மாத்திக்கலாம்னு சொன்னாங்களேண்ணா?" என்றான். அலமாரியிலிருந்து பழைய போர்டு ஒன்றையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். நல்லவேளை, அவன் வாங்கியிருந்தது ஐந்தே ஐந்து சாம்பிள்.