வேலை செய்த வீட்டில் தண்ணி ஒழுகினால்: புது பிளம்பர்களுக்குப் படிப்படியாக

காலை ஆறு மணிக்கு ஃபோன். "ஏனுங் தம்பி, நீங்க மாட்டிக் குடுத்த ஹீட்டர் லைன்ல இருந்து தண்ணி கொட்டுதுங்க. கீழ் ரூம் சீலிங் பூரா ஊறிப் போச்சு."

பிளம்பிங் தொழிலுக்கு வந்த எவருக்கும் இந்த ஃபோன் ஒருநாள் வரும். எனக்குத் தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், கோவை வடவள்ளியில் ஒரு வீட்டிலிருந்து வந்தது. ஓடிப்போய் விரிசல் விட்ட எஃப்டிஏவை (பைப்பை மரையோடு இணைக்கும் ஃபிட்டிங்) அறுத்து எறிந்தேன், புதுசு மாட்டினேன், "எல்லாம் நான் பார்த்துக்கிறேனுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஃபால்ஸ் சீலிங்குக்கும் பெயின்ட்டுக்கும் 38,000 ரூபாய் கைக்காசு போனது. தப்பு என் கையிலா, ஃபிட்டிங்கிலா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே துண்டு குப்பை வண்டியில் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஃபோனிலேயே நிறுத்துங்கள்

சீலிங் ஊறியிருந்தால் முதலில் அந்த ரூமுக்குப் போகும் கரண்டை மெயினில் இறக்கச் சொல்லுங்கள். லைட் பாயின்ட் வழியாகத் தண்ணி இறங்கும்போது உள்ளே யாரும் போகக்கூடாது. அப்புறம் வால்வு. நம் கோவைப் பக்கத்து வீடுகளில் பல இடத்தில் நல்ல தண்ணிக்கு ஒரு டேங்க், போர் தண்ணிக்கு ஒரு டேங்க் இருக்கும். எந்த லைன் ஒழுகுகிறது என்று அவர்களுக்குப் பதற்றத்தில் தெரியாது. இரண்டையுமே மூடச் சொல்லுங்கள். உப்பு படிந்து கேட் வால்வு திரும்பவில்லை என்றால், மோட்டாரை அணைத்துவிட்டு எல்லாக் குழாயையும் திறந்து டேங்கைக் காலி பண்ணச் சொல்லுங்கள். ஹீட்டர் ஸ்விட்சும் ஆஃப்.

இதையெல்லாம் சொன்ன கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73வது பிரிவில் நட்டஈடு கணக்குப் போடும்போது, அந்த நட்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. காலையில் வால்வை மூடியிருந்தால் ஒரு ரூமோடு போயிருக்கும், மூடாததால் மூன்று ரூம் போனது என்றால், அந்த வித்தியாசத்துக்கு உங்கள் வாட்ஸ்அப் வரிதான் சாட்சி.

படி 2: கை வைப்பதற்கு முன் வீடியோ

வாசலிலிருந்து ஆரம்பித்து, நிறுத்தாமல், ஒழுகும் இடம் வரைக்கும் ஒரே வீடியோ எடுங்கள். அப்புறம் கிட்டத்தில் படங்கள். சுவரில் தண்ணி ஏறிய கோடு, நனைந்த மரச்சாமான், சீலிங் தொங்கிய இடம் எல்லாம் வேண்டும். பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து எடுத்தால் அளவு தெரியும்.

இனிதான் பைப்பை அறுக்க வேண்டும். ஜாயின்ட்டில் அறுக்காதீர்கள். இரண்டு பக்கமும் அரை அடி விட்டு, கெட்டுப்போன ஜாயின்ட் முழுசாக வரும்படி அறுத்தெடுங்கள். படி 3-இல் சொல்கிறபடி பார்த்துவிட்டு, கழுவாமல், துடைக்காமல் ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, நீங்களும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிடுங்கள். யாரிடம் இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) வந்து கேட்கும்வரை யாரும் அதைப் பிரிக்க வேண்டாம்.

படி 3: அந்தத் துண்டைப் படியுங்கள்

இந்தப் படியில்தான் பொறுமை வேண்டும். கவரில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பாருங்கள். உடைந்த பைப் பொய் சொல்லாது.

சாக்கெட்டிலிருந்து (ஃபிட்டிங்கில் பைப் நுழையும் வாய்) பைப் உருவிக்கொண்டு வந்திருந்தால் அதன் நுனியைப் பாருங்கள். சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) பிடித்த இடம் உருகி, மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். பிடிக்காத இடம் கடையில் வாங்கிய பைப் மாதிரியே வழவழவென்று மின்னும். ஒருமுறை துடியலூரில் ஒரு துண்டு பார்த்தேன்: வளையத்தில் முக்கால்வாசி மங்கல், சுவர்ப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பு. பிரஷ் எட்டாத இடத்தை வேலை செய்த பையன் தடவாமலே விட்டிருக்கிறான். அந்த ஒரு விரல் அகலத்தில்தான் தண்ணி வழி கண்டுபிடித்தது. பைப் சாக்கெட்டின் அடி வரைக்கும் போகாமல் பாதியில் நின்றிருந்தாலும் அதுவும் நம் வேலைக் குறைதான்.

பித்தளை மரை வைத்த எஃப்டிஏ நீளவாக்கில் விரிந்திருந்தால், பெரும்பாலும் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மேல் சுற்றி, பைப் ரெஞ்சு போட்டு முறுக்கியிருப்பார்கள். அதே விரிசலின் வாயில் குமிழி மாதிரிக் குழி தெரிந்தால் அது வார்ப்பில் வந்த கோளாறாக இருக்கலாம். அப்போது தயாரித்த கம்பெனியையும் கேட்க வேண்டும். பைப்பின் ஒரே பக்கத்தில் வட்டமாக ஓட்டை என்றால், உங்களுக்குப் பிறகு வந்தவர் டிரில் போட்டிருக்கிறார். மாடுலர் கிச்சன் மாட்டிய வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஹீட்டர் பக்கம் பைப் உப்பிப்போய் இருந்தால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள், சுடுதண்ணி லைனில் யாராவது சூடு தாங்காத யுபிவிசி பைப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் மனசில் ஒப்புக்கொள்ளுங்கள். நனைந்துபோனது ஒரு குடும்பம் கடன் வாங்கிக் கட்டிய வீடு. ஆனால் வாயால் சொல்வதற்கு முன் அடுத்த படியைப் படித்துவிடுங்கள்.

படி 4: என்ன பேசுவது

"நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்று சொல்லாதீர்கள். "பூராப் பணத்தையும் நான் தர்றேனுங்க" என்றும் சொல்லாதீர்கள். நான் இப்போது சொல்வது இதுதான்: "தண்ணியை நிறுத்திட்டனுங்க. எதனால ஆச்சுன்னு பார்த்துட்டு எழுத்துல சொல்றேனுங்க. உங்க வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?"

உங்களுக்கே பொறுப்புக் காப்பீடு (உங்கள் வேலையால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) இருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனியின் சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும். வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையால் கிளெய்ம் போய்விடக்கூடும்.

படி 5: வீட்டுக்காரரின் பாலிசி

"எங்களுக்கு இன்சூரன்ஸெல்லாம் இல்லைங்க" என்பார்கள். வீட்டுக் கடன் ஃபைலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடனோடு சேர்த்துப் போட்ட பாலிசி பல வீடுகளில் தெரியாமலே கிடக்கிறது.

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கான பொதுவான பாலிசியாக பாரத் கிருஹ ரக்ஷா இருக்கிறது. தண்ணி டேங்க், குழாய், கருவிகள் வெடித்தாலும் நிரம்பி வழிந்தாலும் வரும் சேதத்துக்கு அதில் காப்பு உண்டு. கட்டிடத்துக்குக் காப்பு எடுத்தால் உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, சேர்ந்தே வரும்.

சண்டை வருவது "வெடித்தது" என்ற சொல்லில்தான். திடீரென்று விட்டுப்போன ஜாயின்ட் வேறு, மாதக்கணக்கில் கசிந்து சுவரில் உப்பு பூத்தது வேறு. இரண்டாவதை நாள்பட்ட தேய்மானம் என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். அதனால் படி 2-இல் எடுத்த வீடியோ வீட்டுக்காரருக்கும் உயிர்நாடி. அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். சர்வேயர் வரும்வரை சீலிங்கைப் புதுசாக மாட்ட வேண்டாம், உலர வைக்கலாம்.

கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). கட்டணம் கிடையாது.

படி 6: கம்பெனி உங்களைத் தேடி வரும்

இதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்த கம்பெனி, அவருடைய இடத்தில் நின்று உங்களிடம் வசூலிக்கலாம். சப்ரோகேஷன் என்பார்கள். வீட்டுக்காரரோடு சுமுகமாக முடிந்தது என்று நினைத்திருக்கும்போது, ஆறு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வரும்.

அதேபோல, கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு "இனி பிளம்பர் மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால், உங்களிடம் வசூலிக்கும் வழி போய்விட்டது என்று கம்பெனி அவருடைய கிளெய்மையே மறுக்க இடம் உண்டு. பாலிசி இருக்கும் வீட்டில் கம்பெனிக்குத் தெரியாமல் சமாதானப் பத்திரம் எழுதாதீர்கள். எழுதச் சொல்லிக் கேட்கவும் செய்யாதீர்கள்.

படி 7: நுகர்வோர் ஆணையத்திலிருந்து தபால்

காசு வாங்கிச் செய்த வேலை என்பதால் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாமும் வருகிறோம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வீட்டுக்காரர் தன் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அவருக்குக் கட்டணமும் இல்லை.

தபால் வந்தால் பீரோவில் வைக்காதீர்கள். பதில் கொடுக்க 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. பதில் இல்லையென்றால் வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் வைத்துத் தீர்ப்பு வரும். சமரசம் பேசவும் அங்கே வழி இருக்கிறது, கேளுங்கள்.

படி 8: அடுத்த வேலைக்கு முன்

இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி (படி 4-இல் சொன்ன பொறுப்புக் காப்பீடு) கேளுங்கள். 1991ஆம் வருடச் சட்டப்படி போடும் பாலிசி அபாயமான ரசாயனங்களைக் கையாள்பவர்களுக்கு, அது நமக்கு இல்லை. நமக்கு வேண்டியது, வேலையால் அடுத்தவர் சொத்துக்கு வரும் சேதத்துக்கான பாலிசி. வேலை முடித்துக் கொடுத்த பிறகு வரும் சேதத்துக்கும் காப்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் தப்பான ஜாயின்ட்டைத் திருப்பிப் போடும் செலவைப் பொதுவாகத் தரமாட்டார்கள், அந்த ஜாயின்ட்டால் நனைந்த சீலிங்குக்குத்தான் தருவார்கள்.

பில்லில் மூன்று வரி சேருங்கள்: பொருள் யார் வாங்கியது, எந்த பிராண்ட்; எந்த அழுத்தத்தில் எவ்வளவு நேரம் டெஸ்ட் செய்தது; மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று யாருக்குக் காட்டியது. சொல்யூஷன் ஒரு நாள் காய்ந்த பிறகு டெஸ்ட் பண்ணுங்கள். டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம், பிரஷர் பம்ப் இருந்தால் இன்னும் கூடும். அந்த வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, சுவரைப் பூசுவதற்கு முன், வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி பிரஷர் கேஜைப் படம் எடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொரு படம். இரண்டிலும் முள் ஒரே எண்ணில் நிற்க வேண்டும்.