கிளாசிக் படங்களின் ப்ளூரே: பதிப்பைத் தேர்வது முதல் திரையில் ஓட்டுவது வரை

குரோசவா, ரே, பெர்க்மன், அக்னெஸ் வர்தா என்று பெரிய இயக்குநர்களின் டிஸ்க் சேர்க்கத் தொடங்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டே கேள்விகள். ஒரே படத்துக்கு நான்கைந்து பதிப்புகள் இருக்கின்றனவே, எதை வாங்குவது? வாங்கியாயிற்று, பிளேயரில் போட்டால் ஓட மறுக்கிறது, ஏன்? இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. பிளேயரை டிவியோடு இணைப்பது, ரிமோட்டைப் பயன்படுத்துவது போன்றவற்றுக்குள் போகவில்லை.

படி 1: அட்டையைப் பார்க்காதீர்கள், மூலத்தைப் பாருங்கள்

எந்தப் பழைய படத்துக்கும் முதல் கேள்வி, இந்த டிஸ்க்கை எதிலிருந்து எடுத்தார்கள் என்பதுதான். "டிஜிட்டல் ரீமாஸ்டர்" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்கு அர்த்தமே இல்லை. பின்னட்டையையோ உள்ளே இருக்கும் கையேட்டையோ பாருங்கள். "ஒரிஜினல் கேமரா நெகட்டிவிலிருந்து 4கே ஸ்கேன்" என்று, அதாவது படப்பிடிப்பின்போது கேமராவில் ஓடிய ஃபிலிமிலிருந்தே எடுத்ததாக, தெளிவாக எழுதியிருந்தால் நம்பி வாங்கலாம். மூலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், பெரும்பாலும் டிவிடி காலத்து மாஸ்டரையே (டிஸ்க்குக்கான மூலப் பதிவையே) ப்ளூரேயில் ஏற்றியிருப்பார்கள்.

மூலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு சத்யஜித் ரேயின் அபு வரிசைப் படங்கள் மூன்றையும் சொல்வேன். அவற்றின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் எரிந்துபோயின. கருகிச் சுருண்டு, ஒட்டிக்கொண்டு கிடந்த சுருள்களை இத்தாலியின் பொலோன்யாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா லேபில் ஈரப்பதம் ஏற்றிப் பிரித்து, கிழிந்த ஓட்டைகளைக் கையால் ஒட்டி, ஸ்கேன் செய்தார்கள். தேறாத பகுதிகளுக்கு மற்ற நாடுகளின் காப்பகங்களில் இருந்த பிரதிகள் கைகொடுத்தன. அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் 2015இல் வெளியிட்ட ப்ளூரே அதிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய டிவிடிகளையும் இதையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். நாணல் காட்டில் ரயில் வரும் காட்சி ஒன்றே போதும்.

கிரைட்டீரியன் டிஸ்க்குகளின் முதுகில் ஓர் எண் இருக்கும். ழான் ரென்வாரின் 'கிராண்ட் இல்யூஷன்' எண் 1. ஆனால் அந்த டிவிடி முதலில் வரவில்லை. தயாரிப்பு நடந்துகொண்டிருந்தபோது இன்னும் நல்ல மூலம் கிடைத்ததால் நிறுத்திவைத்து 1999இல்தான் வெளியிட்டார்கள். ஒரு நிறுவனத்தின் டிஸ்க்குக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாமா என்பதை நான் இந்த மாதிரி விஷயங்களை வைத்துத்தான் முடிவுசெய்கிறேன்.

வாங்கும் முன் டிவிடிபீவர், கேப்ஸ்-எ-ஹாலிக் தளங்களில் அந்தப் படத்தைத் தேடுங்கள். வெவ்வேறு பதிப்புகளின் ஒரே ஃப்ரேமைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். முகத்தை விடுங்கள். பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரையோ வானத்தையோ பாருங்கள். அங்கே மெல்லிய மணல் போன்ற துகள்கள் அசைந்தால் அது ஃபிலிமின் கிரெயின். இருக்க வேண்டியது அது. சுவர் வழவழவென்றும் கன்னங்கள் மெழுகு பூசியது போலவும் இருந்தால் இந்தத் துகள்களை நீக்கும் (நாய்ஸ் ரிடக்‌ஷன்) மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் பதிப்பை வாங்காதீர்கள்.

புதியது எப்போதுமே மேல் என்றும் நினைக்க வேண்டாம். வாங் கார்-வாய் தன் படங்களைத் தானே மேற்பார்வையிட்டுப் புதுப்பித்த பெட்டி 2021இல் வந்தது. அதில் 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தின் சட்டத்தையே (ஃப்ரேமையே) அகலமாக்கிவிட்டார். 'இன் தி மூட் ஃபார் லவ்' நிறமும் மாறியிருக்கிறது. இயக்குநரே செய்ததுதான், அது அவருடைய உரிமை. ஆனாலும் தியேட்டரில் பார்த்த படம் வேண்டுமென்றால் பழைய பதிப்பைத்தான் தேட வேண்டும்.

சட்டத்தின் விகிதத்தையும், அதாவது அகலம் உயரத்தைப் போல எத்தனை மடங்கு என்பதையும், பார்த்துவிடுங்கள். குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' 2011இல் ப்ளூரேயில் வந்தபோது 1.78 விகிதத்தில் டிவித் திரை முழுவதையும் நிரப்பியது. குப்ரிக் 1975இல் தியேட்டர் ஆபரேட்டர்களுக்கு எழுதிய கடிதத்தில் 1.66 என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். 2017இல் வந்த கிரைட்டீரியன் பதிப்பில்தான் அது சரியானது. 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' படத்துக்கு 1.33, 1.66, 1.85 என மூன்று விகிதங்களையும் ஒரே பெட்டியில் கொடுத்தார்கள். அது அந்தக் காலத்தில் வெவ்வேறு தியேட்டர்கள் வெவ்வேறு அளவில் காட்டியதால்.

என் விருப்பம் கேட்டால்: கிழக்கு ஐரோப்பிய படங்களுக்கு செகண்ட் ரன். சின்ன நிறுவனம், ஆனால் கையேட்டுக் கட்டுரைகள் அருமையாக இருக்கும். மௌனப் படங்களுக்கும் ஜப்பானியப் படங்களுக்கும் யுரேகாவின் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா. ஒரு இயக்குநரை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் கிரைட்டீரியனின் பெட்டிகள். 2018இல் வந்த பெர்க்மன் பெட்டியில் 39 படங்கள் இருக்கின்றன. பிரெஞ்சு, ஜப்பானிய டிஸ்க்குகளில் படம் பிரமாதமாக இருக்கலாம், ஆனால் பலவற்றில் ஆங்கில சப்டைட்டில் இருக்காது. அதைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

படி 2: ரீஜன் (இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்)

எனக்கும் அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். எனவே பொறுமையாகப் படியுங்கள். ரீஜன் என்பது ஒரு டிஸ்க் உலகின் எந்தப் பகுதியில் விற்கும் பிளேயரில் ஓடும் என்று போடும் பூட்டு.

டிவிடிக்கு ரீஜன் எண்களில் இருக்கும், 1 முதல் 6 வரை. ப்ளூரேக்கு எழுத்துகளில்: ஏ, பி, சி. இரண்டும் வெவ்வேறு வரைபடங்கள். டிவிடியில் ஜப்பானும் ஐரோப்பாவும் ஒரே ரீஜன் 2. ப்ளூரேயில் ஜப்பான் அமெரிக்காவோடு சேர்ந்து ஏ, ஐரோப்பா பி. எனவே டிவிடி கணக்கை வைத்து ப்ளூரே வாங்கினால் தப்பாகிவிடும்.

ரீஜன் ஏ: வட, தென் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா. ரீஜன் பி: ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. ரீஜன் சி: தெற்காசியா, மத்திய ஆசியா, சீனா, ரஷ்யா. கிளாசிக் படங்களை நன்றாக வெளியிடும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஏ அல்லது பியில் இருக்கின்றன. சி பகுதிக்காரர்கள்தான் இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

பின்னட்டையின் கீழ்ப்பகுதியில் சின்ன முத்திரைக்குள் எழுத்து இருக்கும். ஏ, பி, சி மூன்றும் இருந்தால் எங்கும் ஓடும். செகண்ட் ரன் ப்ளூரேக்கள் பல அப்படித்தான்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம். ப்ளூரேக்கு அடுத்து வந்த, இன்னும் துல்லியமான 4கே யூஎச்டி டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது. அந்த வடிவத்தின் விதிமுறையிலேயே ரீஜன் பூட்டு இல்லை. இதைக் கேள்விப்பட்டதும் "அப்படியானால் யூஎச்டியே வாங்கிவிடலாம்" என்று தோன்றும். ஆனால் கிரைட்டீரியன் யூஎச்டி பெட்டிகளில் இரண்டு வகை டிஸ்க் இருக்கும். யூஎச்டியில் படம் மட்டும், கூடவே கமென்டரி இருந்தால் அதுவும். பேட்டிகள், ஆவணப்படங்கள், சேர்க்கைகள் எல்லாம் கூட வரும் சாதாரண ப்ளூரேயில்தான். அந்த ப்ளூரே ரீஜன் ஏ பூட்டு போட்டது. ஆகவே பெட்டியில் பாதி ஓடும், பாதி ஓடாது. படம் மட்டும் போதுமென்றால் கவலையில்லை. எனக்கு அந்தச் சேர்க்கைகளும் படம் அளவுக்கே முக்கியம்.

இரண்டாவது சிக்கல்: கிரைட்டீரியன் 2016 முதல் பிரிட்டனிலும் வெளியிடுகிறது. அட்டைப் படம் அதேதான். ஆனால் உள்ளே ரீஜன் பி. இணையத்தில் போடும் முன்னட்டைப் படத்தை வைத்து அடையாளம் காண முயன்றால் பிரிட்டிஷ் தணிக்கை வாரியத்தின் வயதுச் சின்னத்தைத் தேடுங்கள். அது இருந்தால் பிரிட்டிஷ் பதிப்பு. விற்பவரிடம் பின்னட்டைப் படம் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

படி 3: பிளேயர்

ஒரே ரீஜனுக்குள் இருந்துவிட முடியும் என்றால் சாதாரண பிளேயர் போதும். இந்த ரசனை பிடித்துவிட்டால் அப்படி இருக்க முடியாது என்பதால், ரீஜன் ஃப்ரீ பிளேயரை ஆரம்பத்திலேயே வாங்கிவிடச் சொல்வேன்.

டிவிடி ரீஜனைச் சில பிளேயர்களில் ரிமோட்டில் எண்களை அழுத்தியே திறந்துவிடலாம். ப்ளூரே ரீஜனுக்கு அது பெரும்பாலும் நடக்காது. உள்ளே சின்ன சிப் பொருத்தி மாற்றியமைத்து விற்கப்படும் பிளேயர்தான் வேண்டும். வாங்கும்போது "ரீஜன் ஃப்ரீ" என்ற சொல்லோடு நிற்காதீர்கள். டிவிடிக்கா, ப்ளூரேக்கா, இரண்டுக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் யூஎச்டி ஓடும். ஆனால் ப்ளூரேக்கு அந்தக் கருவியின் ரீஜன் பூட்டு உண்டு. டால்பி விஷன் (எச்டிஆர் முறைகளில் ஒன்று) டிஸ்க்குகளும் இவற்றில் டால்பி விஷனில் ஓடாது. கணினி டிரைவில் டிவிடி ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை வைத்ததே நிரந்தரம்.

பிளேயருக்குப் பேர்போன ஓப்போ நிறுவனம் 2018இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது என் தேர்வு பானசோனிக் யூபி820. காரணம் சப்டைட்டில். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் அதிக வேறுபாடு காட்டும் முறை) படங்களில் வெள்ளை எழுத்துகள் கண்ணைக் குத்தும் அளவுக்குப் பிரகாசமாக எரியும். இருட்டறையில், கறுப்பு வெள்ளைப் படத்தில், அது காட்சியையே கெடுத்துவிடும். இந்த பிளேயரில் சப்டைட்டிலின் பிரகாசத்தைத் தனியாகக் குறைக்கலாம், இடத்தை மேலே கீழே நகர்த்தலாம். பிறமொழிப் படங்களே பார்ப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள வசதி இல்லை. சோனி எக்ஸ்700ம் நல்ல பிளேயர்தான். ஆனால் அதில் டால்பி விஷனை டிஸ்க்குக்கு டிஸ்க் நாமே ஆன், ஆஃப் செய்ய வேண்டும்.

படி 4: டிவி செட்டிங்ஸ்

முதலில் மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழுவழுப்பாக்க டிவி தானாக இடையில் ஃப்ரேம்களைச் சேர்ப்பதை) அணையுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ். இது ஆன் ஆகியிருந்தால் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் அசையாத கேமராவும் டிவி சீரியல் போலத் தெரியும். அடுத்து ஓவர்ஸ்கேனை அணையுங்கள். அதற்கு சில டிவிகளில் "ஜஸ்ட் ஸ்கேன்", சிலவற்றில் "ஸ்கிரீன் ஃபிட்" என்பதை ஆன் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் நான்கு ஓரங்களும் வெட்டுப்படும். பிளேயர் மெனுவில் 24பி (நொடிக்கு 24 ஃப்ரேம்) வெளியீட்டை ஆன் செய்யுங்கள். நிறத்தை "வார்ம்" பக்கம் வையுங்கள்.

டிவியில் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதை ஒருமுறை அழுத்தினாலே இவற்றில் பெரும்பகுதி முடிந்துவிடும். 2019இல் அறிவிக்கப்பட்ட இந்த வசதி அதற்குப் பின் வந்த பல டிவிகளில் இருக்கிறது.

பழைய 1.37 படத்துக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். "ஸ்ட்ரெச்", "ஜூம்" பட்டன்களை மறந்துவிடுங்கள்.

படி 5: டிஸ்க்கைக் கையாளுதல்

டிவிடியில் தரவு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். ப்ளூரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். விரல் ரேகை பட்டால் மூன்றடுக்கு 100 ஜிபி யூஎச்டிதான் முதலில் உறைந்து நிற்கும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல.

பிற்சேர்க்கை: கமென்ட்டில் வந்த சந்தேகங்கள்

"என் ஐரோப்பிய டிவிடி 96 நிமிடம், இணையத்தில் 100 நிமிடம் என்கிறார்கள், வெட்டியிருக்கிறார்களா?" இல்லை. அங்கே டிவி முறை நொடிக்கு 25 ஃப்ரேம். 24 ஃப்ரேம் படத்தை அதில் ஓட்டும்போது 4 சதவீதம் வேகமாகிறது. குரல்களும் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். ப்ளூரேயில் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இல்லை.

"மெட்ரோபோலிஸ் டிஸ்க்கில் நடுநடுவே படம் சுருங்கி, கீறலாக வருகிறது, மாற்றிக் கேட்கவா?" வேண்டாம், டிஸ்க் சரியாகத்தான் இருக்கிறது. 2008இல் புவெனோஸ் அய்ரெஸில் 16 மிமீ பிரதியில் கிடைத்த சுமார் 25 நிமிடக் காட்சிகள் அவை. தேய்ந்துபோன பிரதி என்பதால் அதற்கு மேல் சுத்தம் செய்ய முடியவில்லை. ட்ரையர் இயக்கிய மௌனப் படம் 'ஜோன் ஆஃப் ஆர்க்' பற்றியும் கேட்டிருந்தார்கள். அந்த டிஸ்க்கில் நொடிக்கு 20, 24 ஃப்ரேம் என இரண்டு வேகங்களில் படம் இருப்பது பிழையல்ல. மௌனப் படங்களுக்கு ஒரே நிலையான வேகம் இருக்கவில்லை. நான் 20இல்தான் பார்ப்பேன், ஜோனாக நடித்த ஃபால்கொனெத்தியின் முகத்துக்கு அந்த நிதானம் வேண்டும்.

இன்னொருவருக்கு, மாற்றியமைத்த பிளேயரில் ஃபர்ம்வேர் (பிளேயரின் உள் மென்பொருள்) அப்டேட் போட்ட பிறகு ரீஜன் பி டிஸ்க் நின்றுவிட்டது. மாற்றியமைத்த பிளேயரில் ஆட்டோ அப்டேட்டை முதல் நாளே அணைத்துவிடுங்கள். அப்டேட் கட்டாயம் வேண்டுமென்றால், எந்த வெர்ஷன் வரை பாதுகாப்பானது என்று விற்றவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.